ஒட்டாகோ மத்திய தொடருந்துத் தடம்

ஒட்டாகோ மத்திய தொடருந்துத் தடம் என்பது நியூசிலாந்தின் தென் தீவில், கைவிடப்பட்ட தொடருந்துப் பாதையின் மீது அமைந்துள்ள 152 கி.மீ. நீளமான மிதிவண்டிப் பாதை ஆகும். இது மிடில்மார்ச், கிளைட் ஆகிய சிற்றூர்களை இணைக்கிறது. நடந்து செல்வோரும் குதிரையில் செல்வோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

வரலாறு

1879 இல் கட்டத் தொடங்கிய தொடருந்துப் பாதை 1921 இல் குரொம்வெல் நகரை எட்டியது. சாலைப் போக்குவரத்து வளர்ந்ததால் இதன் பயன் குறைந்தது. கிளைட் அணைக் கட்டுமானத்துக்குப் பொருட்களை ஏற்றிச் சென்ற பின்னர், 1990 இல் இப்பாதை மூடப்பட்டது. 1993 இல் இந்நிலத்தை நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை பெற்றது. தண்டவாளம் அகற்றப்பட்ட பாதையில் சரளை பரப்பப்பட்டு, 2000 இல் முழுத் தடமும் திறக்கப்பட்டது.

அமைப்பு

நீராவிப் பொறிகள் செங்குத்தான ஏற்றங்களில் ஏற இயலாதவை. ஆகையால் பாதை ஆற்றுப் பள்ளத்தாக்குகளையொட்டி வளைந்து செல்கிறது. 50 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டருக்கு மேல் உயர்வதில்லை. இதனாலேயே மலைநாடாயினும் முதியோரும் சிறுவரும் இங்கு எளிதாக மிதிவண்டி ஓட்ட முடிகிறது. பூல்பர்ன் பள்ளத்தாக்கில் இரு சுரங்க வழிகளும் 37 மீ. உயரமான பாலமும் உள்ளன.

தாக்கம்

தொடக்கத்தில் உழவர் சிலர் இத்திட்டத்தை எதிர்த்தனர். எனினும், தொடருந்து நின்றபின் நலிந்த சிற்றூர்களின் விடுதிகளும் உணவகங்களும் இத்தடத்தில் வரும் பயணிகளால் மீண்டும் உயிர்பெற்றன.