பாட்ரிசியா நீல்: பக்கவாதமும் மீட்சியும்

பாட்ரிசியா நீல் (1926–2010) ஓர் அமெரிக்க நடிகை. 'ஹட்' படத்துக்காக 1964இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது பெற்றார். பக்கவாதத்தால் இழந்த பேச்சை மீண்டும் கற்று, மூளைப் பாதிப்புக்கு உள்ளானவர்களுக்காகப் பொதுமேடைகளில் குரல் கொடுத்தார்.

பக்கவாதம்

1965 பிப்ரவரியில், 39 வயதில் கருவுற்றிருந்தபோது, அவரது மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இரத்தம் கசிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய மூன்று வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். விழித்தபோது வலது கையும் காலும் செயலிழந்திருந்தன, பேச்சும் வரவில்லை.

பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் உள்ளது. உடலின் வலப்பக்கத்தை இயக்குவதும் அதே இடப்பக்கம்தான். ஆகவே இவ்விரு இழப்புகளும் பலருக்குச் சேர்ந்தே வருகின்றன. இந்தப் பேச்சிழப்புக்கு அஃபேசியா என்று பெயர். சொற்களைத் தேடி எடுப்பதுதான் இதில் கடினமாகிறது, அறிவு அழிந்துவிடுவதில்லை. இதை உணராமல் நோயாளியைச் சிறு குழந்தைபோல நடத்தினால் அவர் மேலும் ஒடுங்கிப் போவார்.

மீட்சி

இங்கிலாந்தின் கிரேட் மிசெண்டன் ஊரில் உள்ள தம் வீட்டுக்கு அவர் திரும்பினார். ஆகஸ்டில் மகள் லூசி பிறந்தாள். அவருடைய கணவர் எழுத்தாளர் ரோல்ட் டால். குறைந்த நேரப் பயிற்சி போதாது என்று கருதிய அவர், அக்கம்பக்கத்தாரை முறைவைத்து வரச் செய்தார். நாள்தோறும் பல மணி நேரம் வாசிப்பு, எழுத்து, கணக்கு, சொல் விளையாட்டு என்று பயிற்சி நடந்தது. பொருளின் பெயரைச் சொன்னால்தான் அதைத் தருவது என்ற டாலின் கண்டிப்பு விமர்சனத்துக்கும் உள்ளானது.

பயிற்சி அளித்தவர்களுள் ஒருவரான வேலரி ஈட்டன் கிரிஃபித், அந்த அனுபவத்தை 1970இல் நூலாக்கினார். இம்முறை பின்னர் பிரிட்டனில் பக்கவாத நோயாளிகளுக்கான தன்னார்வலர் திட்டமாக வளர்ந்தது.

பொதுப்பணி

1967 மார்ச்சில் நியூயார்க்கில், மூளைப் பாதிப்புள்ள குழந்தைகளுக்காக நடந்த நிதி திரட்டும் விழாவில் நீல் உரையாற்றினார். மீண்டும் நடித்த 'த சப்ஜெக்ட் வாஸ் ரோசஸ்' (1968) படத்துக்காக ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். அவர் வளர்ந்த நாக்ஸ்வில் நகரில் 1978இல் அவர் பெயரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. அங்கே நோயாளிகளை நேரில் சந்தித்து ஊக்கமளித்தார்.

குடும்பத்தாருக்கு

அஃபேசியா உள்ளவரிடம் சிறு சிறு வாக்கியங்களில் பேச வேண்டும். விடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவருக்கான முடிவுகளை அவரைக் கேட்டே எடுக்க வேண்டும். நீலுக்கு உதவிய அண்டை வீட்டார் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். அவர்கள் கொடுத்தது நேரமும் பொறுமையும்.