கே. பாக்யராஜ்

கே. பாக்யராஜ் (பிறப்பு: சனவரி 7, 1953) தமிழ்த் திரைப்பட இயக்குநர், கதை, வசன ஆசிரியர், நடிகர். குடும்பக் கதைகளை நகைச்சுவையோடு சொன்னவர் என அறியப்படுகிறார்.

தொடக்கம்

ஈரோடு மாவட்டம், கோபிச்செட்டிப்பாளையத்தை அடுத்த வெள்ளாங்கோயிலில் பிறந்தார். 16 வயதினிலே (1977) படத்தில் பாரதிராஜாவிடம் உதவி இயக்குநராகப் பணியாற்றினார். சிகப்பு ரோஜாக்கள் (1978) படத்துக்கு வசனம் எழுதினார். புதிய வார்ப்புகள் (1979) படத்தில் கதாநாயகனானார்.

இயக்கம்

இவர் இயக்கிய முதல் படம் சுவரில்லாத சித்திரங்கள் (1979). ஒரே பெண்ணைக் கவர மூன்று நண்பர்கள் போட்டியிடும் இன்று போய் நாளை வா, அந்த 7 நாட்கள் ஆகியவை 1981 இல் வெளியாயின. பின்னது இந்தியில் வோ சாத் தின் (1983) என மறுஆக்கம் செய்யப்பட்டது. ஏவிஎம் தயாரித்த முந்தானை முடிச்சு (1983) பெரும் வெற்றி பெற்றது. அமிதாப் பச்சன் நடித்த ஆக்ரி ராஸ்தா (1986) என்ற இந்திப் படத்தையும் இயக்கினார். வீரத்தால் வெல்லாமல், வெகுளித்தனத்தாலும் சமயோசிதத்தாலும் சமாளிக்கும் சாதாரண மனிதனே இவருடைய படங்களின் நாயகன். பாண்டியராஜன், பார்த்திபன் ஆகியோர் இவருடைய உதவியாளர்களாக இருந்து இயக்குநரானவர்கள்.

கதை உரிமை

2018 இல் இவர் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத் தலைவராக இருந்தார். சர்கார் படக்கதை, உதவி இயக்குநர் ஒருவர் முன்பே பதிவு செய்திருந்த செங்கோல் கதையை ஒத்திருப்பதாகச் சங்கம் அப்போது தெரிவித்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அறிமுக எழுத்தாளரின் கதைக்கும் உரிமை உண்டு என்பதை இந்நிகழ்வு பொதுவெளியில் பேசுபொருளாக்கியது.