தூரிகைக்கும் தினசரி டியூட்டி உண்டு

"ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படி சார் போகிறது?" பொங்கல் விழாவானாலும் நவராத்திரி கொலுவானாலும் சங்க அன்பர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "ஆயில் பெயின்டிங் செய்கிறேன்" என்பேன். உடனே ஒரு சாரார், "அடேயப்பா, ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்டீர்களா!" என்று வியப்பார்கள். மற்றொரு சாரார், "எத்தனை ரூபாய்க்கு விற்றது?" என்று விசாரிப்பார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஓவியன் என்றவுடன் நம் மனக்கண்ணில் வருவது ஒரு சினிமா உருவம். கசங்கிய ஜிப்பா, சீவாத தலை, நடுநிசியில் திடீரென்று பொங்கும் ஆவேசம். நான் கண்டது முற்றிலும் வேறு. ரயில்வேயில் கீமேன் என்று ஒரு தொழிலாளி உண்டு. சுத்தியலும் ஸ்பானருமாகத் தன் பங்குத் தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்த்து, தளர்ந்ததை முடுக்கிக்கொண்டே போவார். அவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் நடப்பதால்தான் வண்டி ஓடுகிறது. ஓவியனின் வாழ்க்கையும் அதே மாதிரிதான் என்பது என் அனுபவம்.

எண்ணெய் வாசனை

கும்பகோணத்தில் பள்ளியில் படிக்கும்போதே எனக்குப் படம் வரைவதில் பித்து. ஊரிலேயே ஓவியக் கல்லூரியும் இருந்தது. "படம் சோறு போடுமா?" என்று அப்பா கேட்டார். மூன்று பெண்களைக் கரையேற்ற வேண்டிய கம்பவுண்டர் வேறென்ன கேட்பார்? சிவில் டிப்ளமா முடித்து, 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, பரோடா வந்து சேர்ந்தேன். அந்த டிப்ளமாதான் தங்கைகளின் கல்யாணத்தை நடத்தியது. அப்பாமீது எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், ஆயில் பெயின்டிங்கின் முதல் பாடத்தை எனக்குக் கற்றுக் கொடுத்ததே ரயில்வேதான். சில ஆண்டுகள் பாலப் பராமரிப்பில் இருந்தேன். இரும்பு கர்டருக்கு முதலில் துருவைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு ரெட் லெட் எனப்படும் ஈயச் செந்தூரப் பூச்சு. அதன் மேல் ரெட் ஆக்ஸைடு, கடைசியில் அலுமினியம் பெயின்ட். இந்தப் பெயின்டுகளில் சேர்ந்த ஆளி விதை எண்ணெயின் வாசனை என் சட்டையிலேயே வீட்டுக்கு வரும். ஓய்வு பெற்ற 2018-ல், முதன்முதலாக ஓவியர்கள் உபயோகிக்கும் லின்சீட் ஆயில் பாட்டிலைத் திறந்தபோது அதே வாசனை! ஏதோ பழைய சிநேகிதரைப் பார்த்தது போல இருந்தது.

தூரிகை பிடிக்கச் சொல்லித் தந்தவரும் ரயில்வேக்காரரே. ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளில் மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்து எழுதிய குஜராத்திப் பெயின்டர் ஒருவர். நுனியில் துணிப் பந்து கட்டிய கழியைப் பலகையில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்து எழுதுவார். கை துளி நடுங்காது. நானும் ஒரு பழைய மூங்கில் கழியில் துணி சுற்றி அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் வேலை

காலை ஐந்தரைக்கு ஃபில்டர் காபி. ஆறரைக்கு வடக்குப் பார்த்த பால்கனியில் ஸ்டாண்டை நிறுத்துவேன். வடக்கு வெளிச்சம் ஏன் என்றால், அதில் நேர் வெயில் அதிகம் விழாது. மணிக்கு மணி நிழல் ஓடாது. பலகையில் ஆறே வண்ணங்கள்: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமெரைன் நீலம், கிரிம்சன். கறுப்பு ட்யூப் வாங்குவதில்லை. அல்ட்ராமெரைனும் பர்ன்ட் அம்பரும் கலந்தால், செத்த கறுப்பாக இல்லாமல் உயிருள்ள இருட்டு கிடைக்கும். ஆலமரத்து நிழலுக்கு அதுதான் வேண்டும். வடோதரா என்ற பெயரிலேயே 'வட்', அதாவது ஆலமரம், இருக்கிறதே!

ஒன்பதரைக்கு வேலை முடிந்துவிடும். அதன் பிறகு அரைமணி நேரம் சுத்தம் செய்வது. தூரிகையை டர்பென்டைனில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவி, முனையைக் கூராக்கி வைப்பேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். ஆகையால் விரித்துக் காயப் போடுவேன், அல்லது தண்ணீரில் போட்டு வைப்பேன். ஜன்னலைத் திறந்து வைப்பதும் அவசியம். டர்பென்டைன் நெடி வீட்டுக்குள் நின்றால் தலைவலி மட்டுமல்ல, என் இல்லத்தரசியின் கோபமும் சேர்ந்து வரும்.

ஆனந்தம் எங்கே என்று கேட்பீர்கள். வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியாகி வண்ணம் காய்கிறது. ஆயிலில் அப்படி இல்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. அம்பர் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத பதம் வந்துவிடும். சில சிவப்புகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் தாமதம். ஆக, இன்று வரைந்த காய்கறி லாரிக்காரரின் முகத்தை (லாரி என்றால் இங்கே தள்ளுவண்டி) நாளையும் திருத்தலாம். கன்னத்து நிழலை விரலால் தேய்த்து மென்மையாக்கலாம். அறுபது வயதுக்கு மேல் வேறெந்த விஷயம் நமக்கு இவ்வளவு அவகாசம் தருகிறது, சொல்லுங்கள்!

ஒரே ஒரு விதி உண்டு. கீழ்ப் பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் அதிகம். தலைகீழாகப் பூசினால், மேல் பூச்சு இறுகிய பின்னும் கீழே அசைவு இருக்கும், படம் வெடிக்கும். புது மண் கரை அமர்வதற்கு முன் தண்டவாளம் போட்டால் என்ன ஆகும் என்று எந்த ரயில்வேக்காரரையும் கேளுங்கள், இதே பதில்தான் வரும். படம் முடிந்தாலும் வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

ஆறுமுகம் பிள்ளை செய்த உபகாரம்

பரோடாவாசிகளாகிய நமக்கு ஒரு பாக்கியம். மகாராஜா சாயாஜிராவ் மூன்றாவது கெய்க்வாட் கேட்டுக்கொண்டபடி ராஜா ரவி வர்மா (1848-1906) பதினான்கு புராண ஓவியங்கள் தீட்டினார். இங்குள்ள ஃபதே சிங் மியூசியத்தில் அவருடைய அசல் ஓவியங்களையே பார்க்கலாம். காலண்டரில் பார்த்தவர்கள் ஒரு தடவை அசலைப் பார்க்க வேண்டும். பட்டுப் புடவையின் சரிகை பக்கத்தில் போனால் வெறும் மஞ்சள் தீற்று. நாலடி பின்வாங்கினால் ஜரிகையாகவே மின்னும்.

அவ்வளவு பெரியவருக்கும் ஆயில் வித்தை எளிதில் கிடைக்கவில்லை. பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர் ஆயில் ஓவியத்தில் தேர்ந்தவர். ஆனால் அவர் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1868-ல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தாம் வரைவதைப் பக்கத்திலிருந்து பார்க்க மட்டுமே அனுமதித்தாராம். ஐந்தே ஆண்டில், 1873-ல், சென்னைக் கண்காட்சியில் ரவி வர்மாவுக்கு முதல் பரிசு.

அவருடைய தம்பி ராஜராஜ வர்மாவும் ஓவியர், அண்ணனுக்கு வலது கை. அவர் எழுதிய டைரி அச்சில் வந்திருக்கிறது. அதில் ஆவேசம் தேடினால் கிடைக்காது. இன்று எந்த ஊர், யார் படத்துக்கு உட்கார்ந்தார், என்ன வேலை நடந்தது, மாலையில் என்ன நாடகம் என்று தினசரி விவரம். பெரிய கலைஞர்களுக்கும் கீமேன் வாழ்க்கைதான் என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கணக்கு எழுதிய ஓவியர்

"அவர் ராஜ குடும்பம், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை" என்பீர்கள். சரி, பூபேன் கக்கரைப் பாருங்கள். 1934-ல் பம்பாயில் பிறந்து, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆனவர். 1962-ல் பரோடா வந்தார். இங்கே ஒரு தொழிற்சாலையில் பகுதி நேரம் கணக்கு எழுதிக்கொண்டே ஓவியம் தீட்டினார். கடிகாரம் ரிப்பேர் செய்பவர், தையற்காரர், முடிதிருத்துபவர் என்று நாம் தினமும் பார்க்கும் மனிதர்களை ஆயிலில் அமர வைத்தார். 1984-ல் பத்மஸ்ரீ; 2003-ல் மறைந்தார்; 2016-ல் லண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கூடத்தில் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது. நம்மவரான கே.ஜி. சுப்பிரமணியனும் (1924-2016) சென்னை பிரசிடென்சி கல்லூரியில் எகனாமிக்ஸ் படித்தவரே. பிறகு சாந்திநிகேதன் போய், பரோடா நுண்கலைத் துறையில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

சென்ற ஆண்டு நம் சங்கக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தம் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். "சார், பத்தாவது போர்டு வருடம். படம் வரைவதை நிறுத்தச் சொல்லி நீங்களே சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பாள்" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. ஸ்டாண்டில் இருந்த ஈரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தாத்தா, இந்த நிழலில் நீலம் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அந்த நீலத்தை அதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: "நிறுத்த வேண்டாம். நேரம் குறித்துக் கொடுங்கள். தினமும் அரைமணி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என் பால்கனியில். வெளியூரிலிருந்து வந்து காலூன்றிய நமக்குப் பயம் இருப்பது நியாயம். ஆனால் அரைமணி நேரம் யாருடைய மார்க்கையும் தின்றுவிடாது." அவர் யோசித்து, ஒப்புக்கொண்டார். பெண் பரீட்சையும் எழுதினாள், மூன்று படங்களும் முடித்தாள். மேலே என்ன படிப்பாள் என்பது அந்தக் குடும்பம் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆனால் நாற்பது வருடம் கழித்துத் தூரிகையைத் தேடி எடுக்கும் நிலை அவளுக்கு வராது.

என் படங்களில் இதுவரை விற்றவை இரண்டு. மற்றவை உறவினர் வீட்டுச் சுவர்களிலும் எங்கள் கட்டிலுக்கு அடியிலும் இருக்கின்றன. "எத்தனைக்கு விற்றது?" என்பவர்களுக்கு இதுவே பதில். தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சின்ன கேன்வாஸ், ஆறு ட்யூப், மூன்று தூரிகை போதும். வயது தடையில்லை. ஞாயிறு காலையில் என் பால்கனிக்கு வாருங்கள். தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகச் செய்ததை நாம் பகிரங்கமாகவே செய்யலாம், காபியும் உண்டு.