அரிக்கமேட்டில் லத்தீன்

தகவல் துளி. வேளாங்கண்ணி ஆலயத்தைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் பசிலிக்காவாக உயர்த்தியது 1962இல். அப்போது பூசை லத்தீனில்தான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே லத்தீன் எழுத்து சோழமண்டலக் கடற்கரைக்கு வந்துவிட்டது, வியாபாரச் சரக்கோடு!

புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாணியில் செய்த, பளபளக்கும் சிவப்பு மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ‘கமுரி’, ‘இட்டா’ என்று லத்தீன் எழுத்தில் குயவர் முத்திரைகள். அதே அரிக்கமேட்டில் தமிழ் பிராமி எழுத்து கீறிய பானையோடுகளும் உண்டு. லத்தீன் வகுப்புக்கு இதைவிட நல்ல கரும்பலகை ஏது?

அரிக்கமேட்டுப் பொருள்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாகை மாவட்ட ஆசிரியர்களே, அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.