தலைக்கு நேரே வரும் தடையைக் கைத்தடி அறியுமா?

பார்வையற்றோர் வெள்ளைக் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழி, படிக்கட்டு, நடைபாதை விளிம்பு ஆகியவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், தாழ்ந்து தொங்கும் மரக்கிளை, நிறுத்தி வைத்த லாரியின் பின்பகுதி, வெளிப்புறமாகத் திறந்திருக்கும் சன்னல் கதவு? இவற்றின் அடியில் கைத்தடி தடையின்றிப் போய்விடும். மோதுவது நடப்பவரின் நெஞ்சும் நெற்றியும்தான். அப்படி அடிபட்டவர் அடுத்த முறை தனியே வெளியில் போகத் தயங்குவார். பள்ளி, வேலை, கடைத்தெரு என எங்கே போனாலும் இன்னொருவர் துணையை எதிர்பார்க்க வேண்டிவரும்.

இந்தச் சிக்கலுக்கு இந்தியாவின் டில்லி ஐஐடியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு ஒரு தீர்வு கண்டது. மாணவர்களின் செயல்திட்டமாகத் தொடங்கிய அந்தப் பணி, 2014ஆம் ஆண்டு 'ஸ்மார்ட்கேன்' என்னும் கருவியாக விற்பனைக்கு வந்தது.

வௌவாலின் வழி

ஸ்மார்ட்கேன் என்பது சாதாரண வெள்ளைக் கைத்தடியின் மேற்பகுதியில் பொருத்தும் கைப்பிடி. அதிலிருந்து மீயொலி அலைகள் வெளிப்படும். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண் என்பதால் நம் காதுக்கு அவை கேட்காது. எதிரே தடை இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பும். போய்வர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடும்.

நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். தடை 3 மீட்டர் தொலைவில் இருந்தால், அலை போய்வரும் தூரம் 6 மீட்டர். 6ஐ 343ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 0.0175 வினாடி. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு!

தடை இருப்பதைக் கைப்பிடி அதிர்ந்து உணர்த்தும். நெருங்க நெருங்க அதிர்வின் பாங்கு மாறும். 'பீப்' ஒலி எழுப்பினால் என்ன? பார்வையற்றோர் சாலையைக் கடப்பதே வாகன ஓசையைக் கேட்டுத்தான். அவர்களுடைய காதைக் கருவி அடைத்துக்கொள்ளக் கூடாது. திறந்த வெளியில் 3 மீட்டர், வீட்டுக்குள் 1.8 மீட்டர் என எட்டும் தூரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அறைச் சுவர் ஒவ்வொன்றுக்கும் அது அதிர்ந்துகொண்டே இருக்கும்.

விலையும் அறிவியல்தான்

இதே வேலையைச் செய்யும் கருவிகள் மேலைநாடுகளில் முன்பே இருந்தன. அவற்றின் விலை பல மடங்கு அதிகம். ஸ்மார்ட்கேன் சுமார் 3,000 ரூபாய்க்கு, அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 160 ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டது. கேமராவோ திரையோ இதில் இல்லை. கார் பின்னோக்கி வரும்போது எச்சரிக்கும் உணரியின் தத்துவமே இங்கும் பயன்படுகிறது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை ஆய்வுக்கு நிதி வழங்கியது. சென்னையிலுள்ள பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் கருவியைத் தயாரித்தது.

குழியையும் படியையும் கண்டறிய இன்றும் கைத்தடியின் நுனிதான் வேண்டும். முழங்காலுக்கு மேல் உள்ளதைத்தான் கருவி கவனிக்கிறது. அதிர்வுகளைப் புரிந்துகொள்ளப் பயிற்சியும் தேவை.

மாணவர்களே, அறிவியல் கண்காட்சிக்கு இதுபோன்ற கருவி ஒன்றைச் செய்ய நினைத்தால், அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் முதலில் பேசுங்கள். பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் ஆன செலவைப் படைப்பின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.