இருவர் தவறும் மேன்முறையீடும்

விபத்துக்கு ஒருவரே காரணராயின் நீதி வழங்குதல் எளிது. கிளைவீதியிலிருந்து ஒருவன் இருமருங்கும் நோக்காது மோட்டார் வண்டியைப் பெருந்தெருவிற் செலுத்துகின்றான். அவ்வேளை அளவிறந்த வேகத்துடன் வந்த மற்றொரு வண்டி அதனுடன் மோதுகின்றது. சாரதிகள் இருவரும் தவறினர். இழப்பைத் தாங்கவேண்டியவர் யாவர்?

ஆங்கிலப் பொதுச் சட்டம் பண்டு கூறிய விடை கடுமையானது. ஒருவன் தெருவிற் குறுக்கே கம்பொன்றை இட்டிருந்தான். குதிரையை வேகமாகச் செலுத்தி வந்தவன் அதில் மோதி வீழ்ந்தான். தானும் கவனமின்றி வந்தமையால் அவனுக்கு நட்டஈடு சிறிதும் கிடைத்திலது. இது 1809ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1911ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கப்பல்கள் மோதுமிடத்து அவரவர் தவற்றின் அளவுக்கேற்ப இழப்பைப் பகிர்ந்தது. 1945ஆம் ஆண்டுச் சட்டம் அந்நெறியைத் தரையில் நிகழும் விபத்துக்களுக்கும் விரித்தது. இலங்கையிலும் 1968இல் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி, 1,000 பவுண் இழப்புற்ற வாதியின் பங்கு நூற்றுக்கு 30 ஆயின், அவர் 700 பவுண் பெறுவர்.

இப்பங்கை வரையறுக்குங்கால் நீதிபதி இரண்டினை நோக்குவர்: ஒவ்வொருவரது குற்றத்தின் தன்மை ஒன்று, அது விபத்தை விளைவித்த ஆற்றல் மற்றொன்று. இவற்றை அளக்கும் கோல் எதுவும் இல்லை. நேர்மையான நீதிபதியர் இருவருள் ஒருவர் 30 என்பர். மற்றவர் 40 என்பர். இரண்டும் பொருத்தமாகலாம். ஆகவே, மேன்முறையீட்டு நீதிமன்றம் வெறும் கருத்து வேற்றுமை பற்றிப் பங்கினை மாற்றலாகாது. மிக அரிய வழக்குகளிலேயே மாற்றலாம் என்று 1943இல் பிரபுக்கள் சபை கப்பல் மோதல் வழக்கொன்றில் வகுத்தது.

அவ்வெல்லை யாது என்பதை ஸ்கொத்லாந்து வழக்கொன்று விளக்கும். அது சாரதிக்கும் பாதசாரிக்கும் இடையே எழுந்ததாயினும் நெறி ஒன்றே. 2004இல் பாடசாலைச் சிற்றூர்தியினின்று இறங்கிய 13 வயதுச் சிறுமி, அதன் பின்புறமாகத் தெருவைக் கடக்க முயன்று காரொன்றால் மோதுண்டு கடுங்காயமுற்றாள். நின்ற ஊர்தியைக் கண்டும் சாரதி வேகத்தைக் குறைத்திலர். சிறுமியின் பங்கு 90 வீதம் என விசாரணை நீதிபதி தீர்த்தார். மேன்முறையீட்டில் அது 70 ஆயிற்று. 2015இல் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம், மூவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையால், அதனை 50 ஆக்கியது. மறுத்த இருவரும் நெறியை மறுத்திலர். 70 வீதம் ஏற்கத்தக்க எல்லையுள் அடங்கும் என்றே கருதினர்.

ஒருவரே பெரிதும் பொறுப்பாளி என்பதற்கும் இருவரும் சமமாகப் பொறுப்பாளிகள் என்பதற்கும் உள்ள வேறுபாடு எண்ணளவில் நிற்பதன்று. தீர்ப்பின் தன்மையையே அது மாற்றுகின்றது. அத்தகைய வேறுபாடு தோன்றுமிடத்து மேல்மன்றம் தலையிடுதல் கடமையாகும். தோன்றாவிடத்து அடங்கியிருத்தலும் கடமையேயாகும். முன்னது தவறிய தீர்ப்பால் நலிந்தவரைக் காக்கும். பின்னது வழக்குகள் முடிவின்றி நீளாது காக்கும்.