காய்கறிப் புளிநீரும் குடல் பாக்டீரியாக்களும்: அருந்துமுன் கவனிக்க

கேரட், பீட்ரூட் ஆகியவற்றை உப்பும் கடுகுப்பொடியும் கலந்த நீரில் சில நாள்கள் ஊறவைத்து, புளித்த நீரை அருந்துவது வட இந்திய வழக்கம். அங்கு இதனைக் 'காஞ்சி' என்பர். நம் வீட்டுக் கஞ்சி வேறு. வயிற்றுக்கு நல்லது எனக் கேள்வியுற்றுச் சாரத்தில் உங்கள் வீட்டிலும் இதனைச் செய்ய எண்ணினால், முதலில் உப்பின் கணக்கைப் பாருங்கள்.

ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் உப்பு இட்டால், 200 மில்லி குவளையில் ஏறத்தாழ 4 கிராம் உப்பு இருக்கும். காய்க்குள் சிறிதளவு சென்றாலும் இது பெரிய அளவே. ஒரு நாள் முழுமைக்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இப்பானம் பொருந்தாது. காய்களிலிருந்து பொட்டாசியமும் நீரில் இறங்குவதால் சிறுநீரக நோயாளிகள் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இத்தகையோருக்கு உப்பிடாத நீராகாரமோ மோரோ ஏற்றதா, எவ்வளவு அருந்தலாம் என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

காயின் தோலில் இயல்பாகவே உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலமும் உப்பும் தீய கிருமிகளின் வளர்ச்சியை அடக்குகின்றன. வினிகர் ஊற்றிய ஊறுகாயில் இந்த நொதித்தல் நிகழ்வதில்லை.

2021-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வொன்றில் நலமான 36 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் பத்து வாரங்கள் தயிர், காய்கறிப் புளிநீர் போன்ற நொதித்த உணவுகளை உண்ட குழுவினருக்குக் குடல் பாக்டீரியாக்களின் வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நம்பிக்கையூட்டும் முடிவுதான், எனினும் சிறிய ஆய்வு, அதிலும் நோயாளிகளிடம் நடத்தப்படாதது. ஒடிசாவில் பச்சிளங்குழந்தைகளுக்கு லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் கொடுத்து நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. கடும் இரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்து சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக அது கூறிற்று. ஆனால் அங்கு அளிக்கப்பட்டது அளவிட்டுத் தயாரித்த ஒரே வகை பாக்டீரியா. வீட்டுப் பானத்தில் எவை, எத்தனை உள்ளன என யாரும் அறியார். அதனைக் குழந்தைக்குப் புகட்டலாகாது.

புற்றுநோய் சிகிச்சையில் உள்ளவர்களும், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் இதனைத் தவிர்க்கவும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு லினசோலிட் உட்கொள்பவர்கள் எந்தப் புளித்த உணவுக்கும் முன் மருத்துவரிடம் கேட்கவும்.

நலமாக உள்ளவர்கள் செய்வதாயின், கொதித்து ஆறிய நீரையும் தூய கண்ணாடிப் பாத்திரத்தையும் பயன்படுத்துக. உப்பைத் தாமாகக் குறைத்தல் கூடாது; பானம் கெடும். குறைக்க வேண்டியது அருந்தும் அளவையே: கால் குவளை போதும். காய்கள் நீருக்குள் மூழ்கியே இருக்கட்டும். புதுச்சேரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாள்களில் புளித்துவிடும். பின்னர் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். பஞ்சுபோன்ற பூஞ்சை படர்ந்தால் மேலாக எடுத்துவிட்டு அருந்தாமல் முழுவதையும் கொட்டிவிடுக.

பீட்ரூட் கலந்த பானத்திற்குப் பின் சிறுநீரோ மலமோ சிவக்கலாம். பானத்தை நிறுத்தி இரண்டு நாள்களுக்குப் பின்னும் சிவப்பு நீடித்தாலோ, வயிற்றுவலி, காய்ச்சல், கருநிற மலம் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.